பார்க்க மட்டும் ஒரு விசை

எங்கள் வாரியத்தில் கூட்டக் குறிப்பைக் கூட்டத்துக்கு முந்தின நாளே எழுதிவிடுவோம். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் எந்த வாரியத்திலும் வேலை பார்த்திராதவர்கள். இந்த வழக்கம் எப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். ஆரம்பித்தவள் நான்தான்.

பத்து வருடத்துக்கு முன்னால் தேனாம்பேட்டை அலுவலகத்தில் ஒரு கூட்டத்தின் நடுவே மின்சாரம் போய்விட்டது. உறுப்பினர்கள் நான்காவது மாடியிலிருந்து முனகிக்கொண்டே படியிறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். வேகமாக எழுதினால் எனக்கு மணிக்கட்டு வலிக்கும் என்பதால், யார் என்ன பேசுவார்கள் என்று உத்தேசமாக முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். மறுநாள் அதையே சுற்றுக்கு விட்டேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஓர் உறுப்பினர் மட்டும், தான் பேசியதில் ஒரு புள்ளிவிவரம் விட்டுப்போயிருப்பதாகச் சொல்லித் தன் கையாலேயே சேர்த்தார். அவர் அந்தக் கூட்டத்துக்கு வரவே இல்லை.

பிறகு செயல் இயக்குநராக அசோகன் வந்தார். அவர் இதை முறைப்படுத்தினார். கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு எனக்கு ஃபோன் செய்து இரண்டு வாக்கியத்தில் சாரம் சொல்வார். நான் அதை ஆறு பக்கமாக ஆக்குவேன். மறுநாள் கூட்டத்தில் நான் எழுந்து நின்று வாசிப்பேன். அவரவர் பெயர் வரும்போது அவரவர் தலையசைப்பார்கள். "மகிழ்ச்சி தெரிவித்தார்" என்று படித்தால் அந்த முகத்தில் மகிழ்ச்சி வரும். "கவலை தெரிவித்தார்" என்றால் புருவம் சுருங்கும். யாராவது குறிப்பில் இல்லாத ஒன்றைச் சொல்ல ஆசைப்பட்டால், அடுத்த கூட்டத்தின் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப்படும். இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து போண்டா வந்துவிடும்.

"சூடாமணி மேடம் தமிழ் இருக்கே, அதைப் படிக்கிறப்போதான் நான் எவ்வளவு யோசிக்கிறவன்னு எனக்கே தெரியுது" என்று அசோகன் ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதை நான் இரண்டு தடவை என் கணவரிடம் சொன்னேன்.

என் கணவர் வெங்கடரமணன் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் கெர்னல் பிரிவில் இருந்தார். 'இருந்தார்' என்று எழுத எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடிவயிறு. இயந்திரத்தோடு நேராகப் பேசுவது அதுதான், மற்றதெல்லாம் அது சொல்வதைக் கேட்டு நடப்பவை. எங்கள் வாரியம் பொதுநல மருந்தகங்களுக்கு நானூற்றுப் பன்னிரண்டு சின்னக் கணினிப் பெட்டிகளைக் கொடுத்து, அவற்றுக்குள் எங்கள் சொந்த இயங்குதளத்தையும் போட்டிருந்தது. பெட்டியின் மூடியில் சிவப்பு எழுத்தில் 'அதிவேகம்' என்று அச்சிட்டிருந்தோம். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்க மூன்று கூட்டங்கள் நடந்தன. மூன்றின் குறிப்புகளும் என்னுடையவைதான்.

போன வருடம் ஏப்ரலில் ஆதம்பாக்கம் மருந்தகத்திலிருந்து செவிலியர் ஜஹீதா கூப்பிட ஆரம்பித்தாள். தினமும் மதியம் இரண்டு மணிக்குப் பெட்டி நின்றுவிடுகிறது என்றாள். நான்கு ஃபோனுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை என் கணவர் நேரில் போனார். நங்கநல்லூரில் என் தங்கை வீட்டுக்குப் போகும் வழி என்பதால் நானும் ஸ்கூட்டரில் கூடப் போனேன்.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வெளியே வெயிலில் இருபது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள், எல்லோரும் சர்க்கரை நோய்க்காரர்கள். பெட்டியில் பதிவாகாமல் இன்சுலினைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஒரு தடவை ஜஹீதா நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்துவிட்டாள். அதற்கு மெமோ வந்திருந்தது. அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள்.

"தொட்டுப் பாருங்க சார்" என்றாள். "உள்ள இன்னா கீது, அடுப்பா? இதுமேல தோசை ஊத்தலாம்."

அவர் அரைமணி நேரம் பார்த்தார். பிறகு அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ப்ராசஸருக்கு ஒரு வழக்கமான வேகம் உண்டு. வேலை அதிகமானால் அதையும் தாண்டிப் பாயும். அதற்கு பூஸ்ட் என்று பெயர். ஏசி அறையில் அது நல்லது. இங்கே பாய்கிற வேகத்தில் கொதித்து, தான் கருகிவிடக் கூடாது என்று அது தானே நின்றுவிடுகிறது.

"பாயாதேன்னு சொல்ல முடியாதா?"

"சொல்லலாம். கெர்னலுக்கு அந்த விசை தெரியும். வெளியில காட்டல, அவ்வளவுதான்."

"ஏன் காட்டல?"

"யாரும் கேக்கல."

"இன்னா சார் நீங்க, இருபது பேர் வாசல்ல நின்னு கேட்டுக்கினு இருக்காங்க."

அவர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதினான்கு வரி நிரல் எழுதினார். பெட்டிக்குள் ஒரு சின்னக் கோப்பு தெரியும், அதில் பூஜ்யம் என்று எழுதினால் பூஸ்ட் நிற்கும், ஒன்று என்று எழுதினால் மறுபடி வரும். அவ்வளவுதான். "இதுல தப்பு பண்றதுக்குக்கூட இடமில்லை, சூடாமணி" என்றார். அந்தக் கட்டடத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் அவர் இப்படித்தான் இருந்தார்.

அந்தப் பதினான்கு வரி கூட்டத்துக்கு வந்தது. முந்தின நாள் மாலை அசோகன் ஃபோனில் சாரம் சொன்னார். மறுநாள் நான் வாசித்தேன்.

"வேகம் என்பது இந்த வாரியத்தின் கௌரவம்" என்று என் குறிப்பில் அசோகன் சொன்னார். நேரிலும் தலையசைத்தார். அன்றைக்கு உற்சாகமாக இருந்ததால் குறிப்பில் இல்லாததையும் கொஞ்சம் பேசினார். "மக்களுக்கு நாம வேகத்தைக் கொடுத்துட்டோம். அதைக் குறைக்க ஒரு விசை இருக்குன்னு சொன்னா, குறைக்க வேண்டிய ஒண்ணைத்தான் கொடுத்திருக்கோம்னு ஆகிடாதா? நான் இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஒரு முடிவுகூட எடுத்ததில்லை. அதனாலதான் ஒரு தவறுகூட நடந்ததில்லை."

சட்ட ஆலோசகர் ஹம்சா மேடம் ஏசி குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "விசையைக் காட்டறதுல சட்டச் சிக்கல் இல்லை. அது வெளிப்படைத்தன்மை. ஆனா அது வேலை செஞ்சா, யாரோ அதைத் தொடுவாங்க. தொட்டா ஏதாவது நடக்கும். காட்டறது சேவை. வேலை செய்ய வைக்கிறது பொறுப்பு. நாம சேவை அமைப்பு."

விசையைப் பார்க்கலாம், மாற்ற முடியாது என்று தீர்மானமானது. கோப்பு படிக்க மட்டும் திறக்கும். நானூற்றுப் பன்னிரண்டு மருந்தகங்களுக்கும் சுற்றறிக்கை போனது. "தங்கள் பெட்டியில் அதிவேக வசதி இயங்கிக்கொண்டிருப்பதை இனி எந்நேரமும் தாங்களே பார்த்து மகிழலாம்." மகிழலாம் என்ற சொல் என் கைவண்ணம்.

மறுநாள் ஜஹீதா கூப்பிட்டாள். என் கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பார்த்தேன் சார். ஒண்ணுன்னு காட்டுது. இதுவரைக்கும் ஏன் சூடாவுதுன்னு தெரியாம சூடாச்சு. இப்போ தெரிஞ்சிக்கினு சூடாவுது."

அவர் விடவில்லை. ஒரு தடவையாவது இரண்டு மணி வெயிலில் வந்து பாருங்கள் என்று மூன்று கடிதம் எழுதினார். கடைசியில் கள ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வு செய்தால் கண்ணைச் சொக்கும் என்பதால் காலை பத்தரைக்குப் போனோம். உறுப்பினர்களுக்கு வியர்க்கக் கூடாது என்று வாடகை வேனில் ஆளுயர ஏர்கூலர் ஒன்று கூடவே வந்தது. வரிசையில் நின்றவர்களை நகரச் சொல்லிவிட்டு அதை வாசலில் வைத்து ஓட்டினார்கள். அறை ஜில்லென்று ஆனது. பெட்டி ஒரு மணி நேரம் அழகாக ஓடியது. அசோகன் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"குழந்தை நெத்தி மாதிரி இருக்கு" என்றார். "எங்க சூடு?"

"சார், அந்தக் கூலரை நிறுத்திட்டு ரெண்டு மணி வரைக்கும் உக்காருங்க" என்றாள் ஜஹீதா.

"ஆய்வு நேரம் பத்தரையிலேர்ந்து பதினொன்றரைம்மா. குறிப்புல அப்படித்தான் இருக்கு."

"அப்போ கூலரையாவது விட்டுட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்றார் ஹம்சா மேடம். கூலரை மறுபடி வேனில் ஏற்றினார்கள். ஏற்றும்போது அதிலிருந்த தண்ணீர் வாசலில் கொட்டியது. வரிசையில் இருந்த ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தில் போய் நின்றார். ஆய்வுக் குறிப்பை நான் முந்தின நாளே எழுதியிருந்தேன். அதில் "பெட்டி எதிர்பார்த்ததை விடக் குளிர்ச்சியாக இருந்தது" என்று இருந்தது. நடந்ததும் எழுதியதும் இவ்வளவு பொருந்தியது அதுதான் முதல் தடவை.

ஜூலையில் அடுத்த கூட்டம் வந்தது. அதற்குள் வேறு மருந்தகங்களிலிருந்தும், விசையைப் பார்க்க மட்டும் முடிகிறது, மாற்ற முடியவில்லை என்று கடிதங்கள் வர ஆரம்பித்திருந்தன. முந்தின நாள் நான்கு மணிக்கு அசோகன் ஃபோன் செய்தார்.

"மேடம், சாரம் எழுதிக்கோங்க. அந்தக் கோப்புல இனிமே பூஜ்யம்னு எழுதினா பூஜ்யம்னு காட்டும். ஒண்ணுன்னு எழுதினா ஒண்ணுன்னு காட்டும். உள்ள பூஸ்ட் அது பாட்டுக்கு ஓடும். மக்களுக்குத் திருப்தி, நமக்கு வேகம். உங்க வீட்டுக்காரர் இதை ஏத்துக்கிட்டார்னு போட்டுடுங்க."

"அவர்கிட்டப் பேசிட்டீங்களா சார்?"

"நாளைக்குக் கூட்டத்துல கேட்டுக்குவார் இல்ல?"

நான் எழுதினேன். "முதுநிலைப் பொறியாளர் வெங்கடரமணன் இதனை மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டார்." அன்றைக்குச் சாயந்திரம் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் மயிலாப்பூருக்குத் திரும்பினோம். வழியில் நிறுத்திக் கீரை வாங்கினோம். நான் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. விதியை மீறாதவள் என்று எனக்குப் பெயர்.

மறுநாள் அந்த வரியை நான் வாசித்தபோது, தலையசைக்க வேண்டிய இடத்தில் அவர் எழுந்து நின்றார்.

"நான் ஏத்துக்கலை" என்றார். "இது பொய் சொல்ற விசை. அந்தப் பொண்ணு பூஜ்யம்னு போடுவா, பூஜ்யம்னு காட்டும், பொட்டி கொதிக்கும். என்னால இதை எழுத முடியாது."

அந்த அறையில் யாரும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. உறுப்பினர்கள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். குறிப்பில் இல்லாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை எப்படிக் கையாள்வது என்று குறிப்பு எழுதியவளுக்குத்தானே தெரியும்.

அசோகன் மென்மையாகச் சொன்னார். "மேடம், அந்த வரியை இன்னொரு தடவை படிங்க."

நான் படித்தேன். "மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டார்." என் குரல் தெளிவாக இருந்தது. அதுதான் என்னால் இப்போதும் தாங்க முடியாதது. ஒரு பிசிறு இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு அதைச் சொல்லிக்கொள்ளவாவது இருந்திருக்கும். தெரியாத ஊரில் வழி கேட்பவர் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். தாள் சுற்றி வந்தபோது கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து காபி கலந்து வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏன்னா, எதுக்குக் கையெழுத்துப் போட்டேள்?"

"நீ எழுதியிருந்தியே."

"அவர் சாரம் சொன்னார், நான் எழுதினேன். என் வேலை அது."

"தெரியும். 'மகிழ்வுடன்'னு அவர் சொன்னாரா?"

அசோகன் 'ஏற்றுக்கொண்டார்' என்று மட்டும்தான் சொன்னார். வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே என்று 'மகிழ்வுடன்' சேர்த்தது நான். ஓசைக்காக.

அவர் காபியைக் குடித்தார். "நான் மாட்டேன்னு நின்னுண்டே இருந்தா, அந்த ஒரு வரி பொய்னு ஆகும். ஒரு வரி பொய்னு ஆனா பத்து வருஷ மினிட்ஸையும் எடுத்துப் பார்ப்பா. கடைசியில உன்னைத்தான் கேப்பா. போறது, விடு." டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்கலாம் என்று நினைத்தேன்.

பொய் விசை எல்லாப் பெட்டிகளுக்கும் போனது. அவர் எழுதவில்லை. அவர் பிரிவில் வேறு யாரோ எழுதினார்கள். வாரியத்துக்குப் பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. எண் மாறுகிறதே என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆகஸ்டில் ஜஹீதா கூப்பிட்டாள். அவள் குரலில் எப்போதுமிருக்கும் எகத்தாளம் இல்லை.

"சார், நான் பூஜ்யம்தான் போட்டிருக்கேன். பூஜ்யம்னுதான் காட்டுது. அப்புறமும் ரெண்டு மணிக்கு நிக்குது. நான்தான் ஏதோ தப்பாப் பண்றேனா? மேலேர்ந்து மெமோ வந்துக்கீது. பூஸ்ட் அணைஞ்சிருக்கும்போது பெட்டி நின்னா, அது பணியாளர் கவனக்குறைவாம். பதினஞ்சு நாள்ல பதில் சொல்லணுமாம்."

"நீ எதுவும் தப்பாப் பண்ணலைம்மா" என்றார் அவர்.

"அந்த இஸ்திரி வண்டித் தாத்தாவைத் தெரியுமில்ல சார்? மூணு நாள் வந்து வந்து ஊசி இல்லாமத் திரும்பிப் போனார். நாலாம் நாள் சப்வே கிட்ட விழுந்துட்டார். ஆஸ்பத்திரியில கால் விரல் ரெண்டை எடுத்துட்டாங்க. நான் கையால எழுதிக் கொடுத்திருப்பேன் சார். மெமோக்குப் பயந்துக்கினு கொடுக்கல."

அவர் ஃபோனை வைத்தார். கூலர் தண்ணீரில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாரே, அவர் அந்த இஸ்திரிக்காரர்தானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

அந்தச் சனிக்கிழமை அவர் தன் மடிக்கணினியோடு ஆதம்பாக்கம் போய், யாரிடமும் கேட்காமல், தன் பதினான்கு வரியை அந்த ஒரு பெட்டியில் மட்டும் போட்டுவிட்டு வந்தார். இருபத்தாறு வருட வேலையில் அவர் செய்த ஒரே சட்டமீறல். அன்றிலிருந்து ஆதம்பாக்கம் பெட்டி நிற்கவில்லை. இரண்டு மணி, மூன்று மணி, சாயந்திரம் வரை வரிசை நகர்ந்தது. பெட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்வந்தார். போய்விட்டு வரும்போது விசிலடித்துக்கொண்டே படியேறுவார்.

அதில்தான் மாட்டிக்கொண்டார். மாதாந்திர அறிக்கையில் நானூற்றுப் பதினொரு மருந்தகங்களில் பெட்டி சராசரியாக இருபது தடவை நின்றிருந்தது. ஒன்றில் மட்டும் பூஜ்யம். அசோகன் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

"எல்லா இடத்துலயும் நிக்கிற ஒண்ணு ஒரு இடத்துல மட்டும் நிக்கலைன்னா, அங்கே ஏதோ கோளாறு" என்றார். இதை அவர் நிஜமாகவே சொன்னார். நான் எழுதிக் கொடுத்ததில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். அனுமதியில்லாத பதினான்கு வரி இருந்தது. யார் போட்டது என்று அதில் எழுதியில்லை. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நானே போட்டேன் என்று அங்கே சொல்லிவிடப் போவதாக என் கணவர் என்னிடம் சொன்னார். அதை எழுதிவைக்கச் சொல்லிக் கேட்டார். "இந்தத் தடவை உள்ளபடி எழுது, என்ன?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலை, ஆதம்பாக்கம் கிளம்புவதற்காகப் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தேழு வயது.

வாரியம் மரியாதை நிமித்தம் விசாரணையைப் பதினைந்து நாள் தள்ளிவைத்தது. அதற்குள் ஓர் இரங்கல் கூட்டமும் நடந்தது. அதன் குறிப்பை எழுத என்னைக் கேட்க எல்லோருக்கும் சங்கடமாக இருந்ததால், பழைய இரங்கல் குறிப்பு ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றியிருந்தார்கள். அதில் அவர் இளம் வயதிலேயே தட்டச்சில் முதல் பரிசு பெற்றவர் என்று இருந்தது.

பதிமூன்றாம் நாள் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். விசாரணைக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு ஃபோன் அடித்தது.

"மேடம், உங்க மனநிலை எனக்குப் புரியுது" என்றார் அசோகன். "ரமணன் பேர் எங்கேயும் வராது. அதுக்கு நான் பொறுப்பு. சாரம் எழுதிக்கோங்க. பெட்டியைத் திருத்தினது அந்த நர்ஸ்தான். தானே ஒத்துக்கிட்டாங்க. பணியிலிருந்து நீக்கம். பெட்டியைப் பழையபடி மாத்தறோம்."

"அவங்களைக் கூப்பிட்டு விசாரிச்சீங்களா சார்?"

"நாளைக்கு ஏன் வரச் சொல்றது பாவம், அவ்வளவு தூரத்துலேர்ந்து."

ஃபோனை வைத்துவிட்டுக் கணினியில் புதுப் பக்கம் திறந்தேன். வழக்கம் போல ஆரம்பித்தேன். வருகைப் பதிவு. செயல் இயக்குநரின் வரவேற்புரை. பிறகு நான் எழுதியது இது.

"செயல் இயக்குநர் அசோகன் பேசும்போது, பயனாளி கேட்டதைச் செய்யாமல் செய்ததாகக் காட்டும் விசையை விட, விசையே இல்லாமல் இருப்பது நாகரிகம் என்று வருத்தத்துடன் குறிப்பிட்டார். சட்ட ஆலோசகர் ஹம்சா அதனை வழிமொழிந்து, பொறுப்பில்லாத சேவை சேவையல்ல என்றார். ஆதம்பாக்கம் பெட்டியில் உள்ள பதினான்கு வரியும் அப்படியே நானூற்றுப் பன்னிரண்டு மருந்தகங்களுக்கும் உடனடியாக வழங்கப்படும் என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. செவிலியர் ஜஹீதா மீது எந்தக் குற்றமும் இல்லை; அவருக்கு அனுப்பிய மெமோக்கள் திரும்பப் பெறப்படுகின்றன. ஜூலை மாதக் கூட்டத்தில் முதுநிலைப் பொறியாளர் வெங்கடரமணன் பொய் விசையை ஏற்க மறுத்தார்; மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டார் என்று பதிவானது குறிப்பு எழுதியவரின் தவறு."

மறுநாள் எழுந்து நின்று வாசித்தேன். மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்துதான் நின்றேன். வேலை போகட்டும் என்றிருந்தது. என் கணவர் செய்யாமல் விட்டதை நான் செய்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

'வருத்தத்துடன்' என்ற சொல் வந்ததும் அசோகனின் முகத்தில் வருத்தம் வந்தது. ஹம்சா மேடத்தின் பெயர் வந்ததும் சால்வைக்குள்ளிருந்து தலை அசைந்தது. 'ஒருமனதாக' என்றபோது ஏழு பேரும் தலையசைத்தார்கள். அசோகன் மட்டும் ஒரு கணம் விரலை உயர்த்தினார்.

"மேடம், அந்த நாகரிகம்னு வருதே. அதை நான் சொன்னேனா?"

"ஆமாம் சார்."

"எப்போ?"

"இப்போதான் சார்."

அவர் யோசித்தார். "நல்லாத்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

கடைசி வாக்கியத்தை, என் தவறு என்று வரும் வாக்கியத்தை, படித்தபோதுதான் என் குரல் உடைந்தது. கணவரை இழந்தவள் என்று ஹம்சா மேடம் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். தாள் சுற்றி வந்தது. ஏழு கையெழுத்து. பிறகு போண்டா வந்தது.

இரண்டாவது மாடியில் அவருடைய பதினான்கு வரியை எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பி முடிக்க நாற்பது நிமிடம் ஆனதாம். நான் அந்தக் குறிப்பை எழுத எடுத்துக்கொண்டது பத்து நிமிடம்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு ஜஹீதா கூப்பிட்டாள். பின்னணியில் வரிசையின் இரைச்சல் கேட்டது.

"மேடம், எனக்கு லெட்டர் வந்துச்சு. எல்லாச் சென்டர்லேர்ந்தும் ஃபோன் பண்ணிக்கினே இருக்காங்க, பொட்டி நிக்கலையாம். இன்னா மேடம் பண்ணீங்க? அந்த ஆளை எப்படி ஒத்துக்க வெச்சீங்க? சண்டை போட்டீங்களா?"

"இல்லைம்மா. எழுதினேன்."

"எழுதினீங்களா? இன்னா எழுதினீங்க?"

"ஒத்துண்டார்னு எழுதினேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அப்போ சார் இருந்தப்பவே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். நல்ல பெண். "சரி வெச்சிடறேன் மேடம், க்யூல ஆள் நிக்கிறாங்க" என்றாள்.